லெஸ் என் மனைவிக்குக் கொடுத்த ரிவோல்வர்

1

போன புதன்கிழமை எங்களுக்குத் திருமணமாகி முப்பது வருடம் முடிந்தது. சிட்னியின் நார்த்மீட்டில் வேலைநாள் ஒன்றில் வரும் திருமணநாள் எப்படிப் போகுமோ அப்படித்தான் போனது. வேலை முடிந்து வரும் வழியில் நான் கேக் வாங்கி வந்தேன். மலர் வேலை உடுப்பை மாற்றாமலே பாயாசத்துக்குச் சவ்வரிசி ஊறப்போட்டாள். மெல்பேர்னில் டார்னெய்ட்டில் இருக்கும் மகன் ஆதவன் வீடியோவில் வந்தான். நான் கேக்கைப் போனுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஹாப்பி ஆனிவர்சரி, அப்பா" என்றான். அதே மூச்சில், "அம்மா எங்கை? அம்மா, ஷோ மி த ரிவோல்வர்!"

மலர் ஈரக்கையைச் சட்டையில் துடைத்தபடி வந்தாள். "இப்ப காட்டேலாதடா. அது பூட்டிக் கிடக்கு. எடுத்து ஆட்டிக் காட்டுற சாமானே அது?"

"மை மம் இஸ் எ லெஜண்ட். ஒபிசிலை எல்லாருக்கும் உங்கடை போட்டோ காட்டினனான்."

நான் கிட்டத்தட்டப் பத்து வருடமாகப் பழைய ரிவோல்வர்கள் சேர்க்கிறேன். அவற்றைப் பற்றி என் மகன் இதுவரை சொன்னது ஒரே ஒரு வசனம்: "தட்ஸ் எ பிட் வியர்ட், அப்பா." இப்போது அவன் அம்மாவின் கையில் ஒன்று வந்ததும் அது விசித்திரமாக இல்லை. ஒபிசுக்கே காட்டவேண்டிய பெருமையாகிவிட்டது.

கேக்கை மேசையில் வைத்துவிட்டுக் குப்பைத்தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். உள்ளே அம்மாவும் மகனும் சிரிக்கிற சத்தம் யன்னலால் கேட்டது. எனக்கு வயிறு எரிந்தது. ஊரில் பக்கத்து வீட்டுக்காரன் மாடி கட்டினால் எரியும், மச்சான் கார் வாங்கினால் எரியும். கட்டின மனிசியின் கைத்திறனைப் பார்த்து எரிகிறவன் ஒருவன் சிட்னியில் இருக்கிறான் என்பதை, அங்கே இருந்து இதை வாசிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

2

இவனுக்கு ஏன் துவக்கு என்று நீங்கள் கேட்பது விளங்குகிறது. போர் நடந்த எங்கள் ஊர்ப்பக்கத்தில் துவக்கு எப்போதும் மற்றவன் கையில்தான் இருந்தது. சோதனைச்சாவடியில் சைக்கிளை விட்டு இறங்கி, அடையாள அட்டையை நீட்டி, உருட்டிக்கொண்டு போன ஆட்கள் நாங்கள். துவக்கின் வாயைத்தான் நான் கண்டிருக்கிறேன். அதன் பிடியைக் கண்டதில்லை.

இங்கே எனக்கு ரயில் சிக்னல்கள் பராமரிக்கும் வேலை. கூட வேலை செய்த ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குவேக்கர்ஸ் ஹில்லுக்கும் அப்பால் இருக்கும் ஒரு துப்பாக்கி கிளப்புக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனான். தகரக் கொட்டகை, மண் அணை, தேநீர் போத்தல்களோடு கொஞ்சம் வயசாளிகள். அவர்களில் ஒருவர்தான் லெஸ். எழுபதைத் தாண்டியவர். முன்பு குழாய் வேலை செய்தவர். ஒரு பச்சைத் துணியை விரித்து, ஒரு சின்ன ரிவோல்வரை மடித்துத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டி, பிடி என் பக்கமாக வரும்படி வைத்தார்.

நூற்றிருபது வருடத்துக்கு மேல் பழையது. பேர்மிங்ஹாமில் செய்தது. பிடி வால்நட் மரம், கைபட்டுக் கைபட்டு மினுங்கிப் போயிருந்தது. குதிரையில் தபால் கொண்டுபோன ஒருவர் வைத்திருந்தது என்று லெஸ்ஸின் தகப்பன் சொன்னாராம். உண்மையோ தெரியாது என்று லெஸ்ஸே சொன்னார். அதைக் கையில் எடுத்த அன்றே எனக்கு அதன்மேல் ஆசை வந்துவிட்டது.

இந்த வகை ரிவோல்வரில் பின்பக்கம் நிற்கும் சுத்தியலைப் பெருவிரலால் பின்னுக்கு இழுத்து வைக்கத் தேவையில்லை. சுட்டுவிரலால் விசையை இழுத்தால் போதும். சுத்தியல் தானாகப் பின்னே எழும்பும், குண்டுகள் இருக்கும் உருளை ஓர் அறை திரும்பும், இழுவையின் முடிவில் சுத்தியல் விழும். எல்லாம் ஒரே இழுவையில் நடப்பதால் இழுவை நீளம், கனமும் அதிகம். பாதி வழியில் யோசித்தால் கை ஆடிவிடும். விருப்பமென்றால் சுத்தியலைப் பெருவிரலால் இழுத்து வைத்தும் சுடலாம். அப்போது விசை இலகுவாகிவிடும். நான் எப்போதும் அப்படித்தான் சுடுவேன்.

லைசன்ஸ் எடுப்பது பெரிய வேலை. வகுப்பு, சோதனை, காத்திருப்பு, பிறகு பொலிஸ் வீட்டுக்கு வந்து, துவக்கு வைக்கும் சேஃப் தரையோடு பூட்டப்பட்டிருக்கிறதா என்று ஆட்டிப் பார்க்கும். வந்த பொலிஸ்காரர் இளம் ஆள், மரியாதையானவர். "எனி ஹிஸ்டரி ஒஃப் வயலன்ஸ்?" என்று கேட்டார். வன்முறை வரலாறு ஏதும் உண்டோ என்று எனக்கு விளங்கியது. "யெஸ், எ லொட்" என்றேன். எங்கள் ஊரில் எந்த வருடம் என்ன நடந்தது, நூலகம் எப்படி எரிந்தது, நாங்கள் எப்படி இடம்பெயர்ந்தோம் என்று நெடுகச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். குசினியில் இருந்த மலர் ஓடிவந்து, "ஹி மீன்ஸ் த கன்ட்ரி! நொட் ஹிம்!" என்று கத்தியிராவிட்டால் நான் இன்றைக்கு தபால் முத்திரைதான் சேர்த்துக்கொண்டிருப்பேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. விசை மடங்கும் பெல்ஜியம் ரிவோல்வர் ஒன்று, நிக்கல் பூச்சு உரிந்த அமெரிக்க ரிவோல்வர் ஒன்று, உருளை இறுகிப்போய்ப் பார்க்க மட்டும் அழகான இன்னொன்று. ஆனாலும் ஞாயிறுகளில் என் கண் லெஸ்ஸின் பச்சைத் துணியில்தான் இருக்கும். அவர் அதைத் துடைக்க விடுவார். சுட விட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்காமலே ஒருநாள் எனக்குத்தான் தருவார் என்று நினைத்திருந்தேன்.

3

இந்தப் பொறாமையைத் தொடக்கியது உண்மையில் மலர்தான். அவளுக்கு ஒரு திறப்பின்மேல், சேஃபின் சாவியின்மேல், பொறாமை.

"இஞ்சேருங்கோ, உந்த சேஃபின்ரை திறப்பு எங்கை?" என்று ஒருநாள் கராஜ் கூட்டும்போது கேட்டாள்.

"உமக்குச் சொல்லக்கூடாது."

"என்ன?"

"லைசன்ஸ் இல்லாத ஆளுக்குத் திறப்பு இருக்கிற இடம் தெரியக்கூடாது. சட்டம் அது. நான் என்ன செய்ய?"

"என்ரை வீட்டிலை எனக்குத் தெரியாமல் ஒரு திறப்போ? என்ரை தாலிக்கொடி எங்கை கிடக்கெண்டு உங்களுக்குத் தெரியும். என்ரை பாஸ்வேர்ட் முழுக்க உங்களுக்குத் தெரியும்."

"மலர், அது வேறை…"

"ஞாயிறு விடிஞ்சால் அதுகளைக் கொண்டு போறியள். பின்னேரம் வந்து அதுகளுக்கு எண்ணெய் பூசுறியள். பின்கதவு கிறீச்சிடுது எண்டு எத்தினை மாசமாச் சொல்லுறன், அதுக்கு எண்ணெய் இல்லை."

கூட்டுமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னாள்: "சரி. லைசன்ஸ் எடுத்தால் திறப்பைக் காட்டவேணும்தானே? நானும் எடுக்கிறன்."

நான் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததை நினைக்க இப்போது ஆத்திரம் வருகிறது.

4

மலர் பரமட்டாவில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் இரத்தம் எடுக்கிற வேலை செய்கிறாள். நாள் முழுக்கப் பயந்தவர்களின் கையைப் பிடித்து, நரம்பைத் தேடி, ஊசி போடுகிறவள். சின்னப் பிள்ளைகளும் அவளிடம் அழுவதில்லை. ஆனால் சத்தம் என்றால் அவளுக்கு ஆகாது. இங்கே வருடப்பிறப்புக்கு வாணவேடிக்கை விடும்போது எல்லா யன்னலையும் சாத்திவிட்டு ரீவியைப் பெரிதாகப் போடுவாள்.

கிளப்புக்கு முதல்நாள் வந்தபோது காதுமூடியை இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றாள். முதல் வரிசையில் யாரோ சுட்டார்கள். திரும்பிப் பார்த்தால் மலரைக் காணவில்லை. மேசைக்குக் கீழே, தரையில், தலையை முழங்காலுக்குள் வைத்துக் குந்தியிருந்தாள். ஊரில் ஷெல் குண்டு வரும்போது நாங்கள் எப்படி இருப்போமோ அப்படியே.

சுடுவதை நிறுத்தச் சொல்லி லெஸ் கையைத் தூக்கினார். கொட்டகையே அமைதியாகிவிட்டது. நான் அவளை எழுப்பிக் காருக்குக் கொண்டுபோனேன். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இனி வரமாட்டாள் என்று ஓர் ஆறுதலும் இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கொட்டகை என்னுடையது. கோவிலில், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில், கலியாண வீடுகளில் எல்லாம் நாங்கள் இரண்டு பேர். அங்கே மட்டும் நான் தனி ஆள்.

அடுத்த ஞாயிறு நான் வெளிக்கிடும்போது சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"எங்கை?"

"வாறன்."

"மலர், உமக்கு ஒத்துவராது. போன கிழமை பாத்தனீர்தானே."

"அதுக்குத்தான் வாறன். கீழை குந்தினபடியே நான் விட்டிட்டுப் போகேலாது."

கிளப்பில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, லெஸ் பக்கத்தில் நின்று, சத்தமும் உதைப்பும் குறைந்த ஒரு ரிவோல்வரைக் கொடுத்தார். அவள் கண்ணை மூடவில்லை. ஒரே ஒரு முறை சுட்டாள். சன்னம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வரும் வழியில், மோட்டர்வேயில் ஏறின பிறகு சொன்னாள்:

"இவ்வளவு காலமும் சத்தம் எங்கையிருந்து வருமெண்டு தெரியாமல் பயந்தனான். இண்டைக்குச் சத்தம் என்ரை கையிக்கை இருந்து வந்தது. நான் இழுத்தால்தான் வரும். இழுக்காட்டி வராது."

பத்து வருடமாக அங்கே போகிறேன். அப்படி ஒரு வசனம் எனக்கு வாய்க்கவில்லை.

5

லைசன்ஸ் வந்தது. திறப்பு இருக்கும் இடத்தைக் காட்டினேன். "இவ்வளவுதானோ?" என்று பார்த்துவிட்டுப் போனாள். அதோடு விடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை.

அவள் சுத்தியலைப் பெருவிரலால் தொடுவதே இல்லை. நீளமான அந்த இழுவையை, ஊசி ஏற்றுகிற அதே நிதானத்தோடு, நிறுத்தாமல், அவசரப்படாமல் இழுப்பாள். சுத்தியல் எப்போது விழும் என்று காத்திருப்பவள்போல இருக்கமாட்டாள். விழும்போது விழட்டும் என்று இழுத்துக்கொண்டே இருப்பாள். மாதம் போகப் போக அவளுடைய இலக்குத் தாளில் ஓட்டைகள் ஒன்றோடொன்று நெருங்கி வந்தன. என்னுடையவை பழையபடி பரந்து கிடந்தன.

கிளப்பில் என்னை எல்லோரும் "மேட்", அதாவது கூட்டாளி, என்பார்கள். சிவபாதசுந்தரம் என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையாது. "சிவா" என்று சுருக்கிக் கொடுத்தும் யாருக்கும் ஞாபகம் நிற்கவில்லை. "மலர்" அவர்களுக்கு ஒரே மாதத்தில் வந்துவிட்டது. அந்தக் கடைசி எழுத்து வராமல் "மல" என்று இழுப்பார்கள் என்று நான் எதிர்பார்த்துச் சந்தோஷப்பட்டிருந்தேன். லெஸ் அதையும் பழகிக்கொண்டார்.

ஒரு மாலை வீட்டு ரெலிபோன் அடித்தது. லெஸ். ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பழைய ரிவோல்வர் போட்டி வருகிறது. தனக்குக் கை நடுங்குகிறது. தன்னுடைய பேர்மிங்ஹாம் ரிவோல்வரை மலர் சுடுவாளா என்று கேட்டார். அதே ரிவோல்வர். நான் பத்து வருடம் துடைத்தது.

"அவளுக்கு அன்றைக்கு வேலை" என்றேன் ஆங்கிலத்தில். "வரமாட்டாள், லெஸ். சொறி."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், குசினி வாசலில் மலர். கையில் அரிந்த லீக்ஸ்.

"ஞாயிற்றுக்கிழமை எனக்கு என்ன வேலை?"

"இல்லை… நீர் களைச்சுப் போறீர் எண்டு…"

"பொய்."

நான் கதிரையை இழுத்து உட்கார்ந்தேன்.

"உங்களுக்கு எரிச்சல்" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை, பரிசோதனை முடிவை வாசிக்கிறவள்போலச் சொன்னாள். "ஆதவன் எனக்குப் போன் எடுத்தால் முகத்தைத் தூக்கிறியள். என்ரை தாளை நான் பாக்க முதல் நீங்கள் பாக்கிறியள். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சனீங்களோ?"

"இந்த நாட்டிலை எனக்கெண்டு இருந்தது அது ஒண்டுதான், மலர். வேலையிலை நான் ஒரு நம்பர். வீட்டிலை அப்பா, அதுவும் வரவரக் குறையுது. ஞாயிற்றுக்கிழமை அந்தக் கொட்டிலுக்கை மட்டும்தான் நான் நானாய் இருந்தனான்."

"எனக்கெண்டு என்ன இருந்தது?"

கோவில் என்று சொல்லலாம், அது எல்லோருக்கும். வீடு என்று சொல்லலாம். அதில் அவளுக்கு ஒரு திறப்பு இருக்கும் இடம்கூடத் தெரியாமல் இருந்தது. அடுப்பில் ஏதோ பிடிக்கிற மணம் வந்தது. அவள் உள்ளே போனாள். சற்று நேரத்தில் அவளே லெஸ்ஸுக்குப் போன் எடுத்து, தன் ஆங்கிலத்தில், "மை ஹஸ்பண்ட் மேட் எ மிஸ்ரேக். ஐ ஆம் கமிங்" என்று சொல்வது கேட்டது.

6

போட்டியன்று நானும் சுட்டேன். என் அமெரிக்க ரிவோல்வரோடு, வழமைபோலச் சுத்தியலைப் பெருவிரலால் இழுத்து வைத்து. மோசமில்லை. நடுவில் நின்றேன், இந்த நாட்டில் நான் எப்போதும் நிற்கும் இடம்.

மலர் லெஸ்ஸின் ரிவோல்வரை எடுத்து நின்றபோது மற்றவர்கள் தேநீரை வைத்துவிட்டு வந்தார்கள். நான் அவளுக்குப் பின்னால், சற்று வலப்பக்கமாக நின்றேன். அவள் குறி தவறவேண்டும் என்று வேண்டினேன். கோவிலில்கூட அவ்வளவு உருக்கமாக வேண்டியதில்லை. குறி தவறவில்லை. முதலாவதாக வந்தாள். யாரோ படம் எடுத்து ஆதவனுக்கு அனுப்பினார்கள். யாரோ என்ன, நான்தான். அவள் போனை என் கையில் தந்து "பிள்ளைக்கு அனுப்புங்கோ" என்றாள். அனுப்பினேன்.

பிறகு லெஸ் எங்கள் இரண்டு பேரையும் தன் வாகனத்தின் பக்கம் கூப்பிட்டார். முதியோர் இல்லம் ஒன்றில் தனக்கு அறை கிடைத்திருக்கிறது என்றார். அங்கே இவற்றை வைத்திருக்க முடியாது. லைசன்ஸைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஒவ்வொன்றையும் லைசன்ஸ் உள்ளவர்களுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். பச்சைத் துணியைத் திறந்தார்.

"இது மலருக்கு" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அதில் என்ன இருந்ததோ தெரியாது, விளக்கம் சொல்லவேண்டும் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. "நீ இதை நன்றாக வைத்திருப்பாய், மேட். துடைத்துத் துடைத்து வைத்திருப்பாய். அவள் இதைச் சுடுவாள்."

அது உண்மை என்பதால்தான் அவ்வளவு வலித்தது. அனுமதிப் பத்திரங்கள் வந்து, அது முறைப்படி எங்கள் கராஜுக்கு வந்து சேர்ந்தபோது, அதைச் சேஃபில் என் ரிவோல்வர்களுக்குப் பக்கத்தில் வைக்க நான்தான் இடம் ஒதுக்கிக் கொடுத்தேன். "நீங்களும் ஒருநாள் சுட்டுப் பாருங்கோவன்" என்றாள். "பிறகு பாப்பம்" என்றேன். இன்றுவரை சுடவில்லை.

7

திருமணநாளுக்குப் பிறகு வந்த ஞாயிறு, மிஞ்சின கேக்கோடு லெஸ்ஸைப் பார்க்கப் போனோம். யன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலியில் இருந்தார். மெலிந்துபோயிருந்தார். மலர் அவருக்குப் பக்கத்தில் இருந்து மன்டரின் தோடம்பழம் ஒன்றை உரித்தாள். வானிலை, சாப்பாடு, நேர்ஸ்மார் எல்லாம் பேசி முடிந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஹவ்ஸ் ஷி ஷூட்டிங்?"

அவள் எப்படிச் சுடுகிறாள் என்று கேட்கிறார். அவளுக்கு முன்னாலேயே என்னிடம் கேட்கிறார். மனதுக்குள் என்ன இருந்தாலும், முதியோர் இல்லத்தில் இருக்கும் மனிதனுக்குப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"என்னைவிட நன்றாக" என்றேன். அங்கே நிறுத்தியிருக்கலாம். என் ஆங்கிலம் ஒருமுறை தொடங்கினால் நிற்காது. அவள் தூக்கும்போது தோள் அசைவதில்லை என்றேன். முதல் வெடிக்கு முன்னால் ஒரு மூச்சை விட்டு, அடுத்த மூச்சைப் பாதியில் நிறுத்துகிறாள் என்றேன். விசையை இழுக்கும்போது மற்ற மூன்று விரலும் இறுகுவதில்லை. நான் எவ்வளவு பழகியும் எனக்கு அது வரவில்லை என்றேன். சத்தம் வந்த பிறகும் கண்ணை இமைக்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருப்பாள் என்றேன். கடைசி இரண்டு வெடிக்கு மட்டும் முழங்கை ஒரு பொட்டு இறங்குகிறது. அவளுக்கு அது தெரியாது, நான் சொல்லவில்லை. சொன்னால் திருத்திவிடுவாள், பிறகு கிளப்பில் ஒருவரும் கிட்ட நிற்கமுடியாது என்றேன்.

லெஸ் முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"ஐ மென்ட் த கன், மேட்."

தான் கேட்டது ரிவோல்வரைப் பற்றியாம். லெஸ்ஸின் ஆங்கிலத்தில் ரிவோல்வரும் 'ஷி'தான். லொறியும் ஷி, புயலும் ஷி. இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்தும் அது எனக்குத் தக்க நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

மலரின் கை தோடம்பழத்தோடு அப்படியே நின்றுவிட்டது. லெஸ் சிரிக்கத் தொடங்கி, இருமி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தார். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. "ஷி இஸ் குட் ரூ" என்றேன், ரிவோல்வரும் நல்லதுதான் என்ற கருத்தில்.

திரும்பி வரும்போது மலர்தான் கார் ஓட்டினாள். இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு கேட்டாள்:

"அவ்வளவும் பாத்துக்கொண்டே நிண்டனீங்கள்?"

"ஓம்."

"என்னிலை இருக்கிற அன்பிலையோ, எரிச்சலிலையோ?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். "எரிச்சலிலைதான்" என்றேன்.

அவள் கண்ணாடியைப் பார்த்து, சைகை விளக்கைப் போட்டு, பக்கத்து வரிசைக்குக் காரை மாற்றினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அப்ப வாற ஞாயிறும் பின்னாலை வந்து நிண்டு பாருங்கோ" என்றாள். "முழங்கை இறங்கேக்கை சொல்லவேணும்."